துயிற் சுவாசத் தடையும் வீட்டு யந்திரமும்

கல்லூரி விடுதியில் வாழ்ந்த காலத்துக் குறட்டை விடுவோரைக் கும்பகர்ணன் என்றழைத்து நகைத்தோம். குறட்டை ஆழ்ந்த துயிலின் அறிகுறி என்றே அன்று நாம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானதென்பதை, எம்முடன் பயின்ற அன்பர் ஒருவரே எமக்கு உணர்த்தினார்.

அவர் மாத்தளை மாவட்டத்து வில்கமுவவில், வஸ்கமுவ வனத்தை அண்டிய பகுதியில், வயலோடு ஓய்வுக் காலத்தைக் கழிப்பவர். யானைக் காவலுக்குப் பரணில் ஏறினால் உறங்கிவிடுவார். வயதின் தளர்ச்சியென்று அதனைப் பொருட்படுத்தாதிருந்தவர், மோட்டார் சைக்கிளிற் செல்கையிற் கண்ணயர்ந்து வாய்க்காலுள் வீழ்ந்த பின்னரே வைத்தியரை நாடினார்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர, சிலருக்கு மூச்சுப்பாதை அடைபடுகின்றது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சுத் தடைப்பட, இரத்தத்திற் பிராணவாயு குறைகின்றது. மூளை திடுக்கிட்டு விழித்துப் பாதையைத் திறக்கின்றது. இது மணிக்கு ஐந்து முறைக்குக் குறைவாயின் சாதாரணம். முப்பதும் அதற்கு மேலுமாயின் கடுமை. அன்பருக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது.

இதற்குரிய சிகிச்சையைச் சிட்னியில் கொலின் சலிவன் என்னும் வைத்தியரும் அவர்தம் குழுவினரும் கண்டு, 1981இல் ஐந்து நோயாளரைப் பற்றி எழுதி வெளியிட்டனர். முகமூடி வழியாக இடையறாது செலுத்தும் காற்றின் அழுத்தமே தொண்டையைத் தாங்கி நிற்கும் தூணாகின்றது. இவ்வழுத்தம் பெரும்பாலும் நீர்மட்டத்தின் 4 முதல் 20 சென்ரிமீற்றர் வரை அமையும்.

அன்பருக்கு 9 என்று வைத்தியர் விதித்திருந்தார். சில வாரங்களிற் குறட்டை மீளவும் தலைகாட்டவே, வைத்தியருக்குரிய பட்டியலைத் தாமே திறந்து 13 ஆக்கிவிட்டார்! வயிறு காற்றால் உப்பிற்று, கண்கள் வறண்டன, யந்திரம் காட்டிய எண்ணோ குறையாது கூடிற்று. அழுத்தம் மிகின் முகமூடியின் ஒழுக்கும் மிகும். சிலருக்கு, பாதை திறந்திருந்தும் மூளை மூச்சிழுக்கப் பணிக்காத வேறுவகைத் தடையும் தோன்றும். உண்மைக் குற்றம் அழுத்தத்தில் இருந்ததன்று. மூக்கை மட்டும் மூடும் முகமூடியை அணிந்தவர் துயிலில் வாயைத் திறந்தமையாற் காற்று வீணே வெளியேறிற்று. வைத்தியர் அழுத்தத்தைப் பழையபடி 9இல் நிறுத்தி, வாயையும் மூடும் முகமூடியைக் கொடுத்தார். எண் மூன்றாயிற்று.

ஆதலின், முதலில் நோக்கத்தக்கது ஒழுக்கே. படுத்த நிலையில், காற்றோடும்போதே பட்டிகளைச் சரிசெய்தல் வேண்டும். இறுக்குதல் எப்போதும் மருந்தாகாது. (மீசையும் ஒரு காரணமாகலாம், அதனை இழக்க அன்பர் இசையவில்லை.) தொடக்கத்தில் அழுத்தத்தை மெல்ல உயர்த்தும் ஏற்பாடு, மூச்சு விடுகையிற் சிறிது தணிக்கும் ஏற்பாடு, ஈரமூட்டியின் அளவு ஆகியன பெரும்பாலும் நோயாளர் தாமே மாற்றத்தக்கவை. ஆயினும் ஒரு வேளையில் ஒன்றையே மாற்றிச் சில இரவுகள் பொறுத்துப் பார்த்தல் வேண்டும்; இரண்டை ஒருங்கே மாற்றுபவர் பயன் எதனால் வந்ததென அறியார். அழுத்தத்தின் எல்லைகளை மாற்றுவது வைத்தியருக்குரியது.

ஈரமூட்டிக்கு ஊற்றும் நீரைப் பற்றி வில்கமுவவிற் சிறிது விரித்துரைத்தல் தகும். காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வாட்டும் பகுதிகளுள் அதுவும் ஒன்று; அங்குக் கிணற்று நீர் கடினமானதென்பதைப் பலரும் அறிவர். அந்நீரைக் கொதிக்க வைத்தாலும் உப்புக்கள் முற்றும் நீங்கா. தொட்டியில் வெண்படிவாய்த் தங்கும். காய்ச்சி வடித்த நீரே உகந்தது. பற்றரிக்கென விற்கும் நீர் மூச்சுக்கெனத் தயாரிக்கப்பட்டதன்று. எஞ்சிய நீரைக் காலைதோறும் கொட்டித் தொட்டியை உலர்த்துதல் வேண்டும். மழைக்கால இரவில் குழாயினுள் நீர்த்துளி திரளுமாயின், ஈரத்தைக் குறைத்து, யந்திரத்தைத் தலைமட்டத்திற்குக் கீழே வைத்தால் நீர் முகத்திற்கு வாராது. வேனிலிற் புழுதி மிகுதலின் வடிகட்டியை அடிக்கடி பார்த்தல் நன்று.

2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். பற்றரியில் யந்திரத்தை இயக்குவோர் ஈரமூட்டியின் சூட்டை நிறுத்திவிடின், அது நெடுநேரம் தாங்கும்; மின்னை மிகுதியாய் உண்பது அச்சூடே.

அன்பர் இன்று பகலில் விழிப்போடு வயலுக்குச் செல்கின்றார். யந்திரத்தைப் பரணுக்கு ஏற்ற இயலாமையால், இரவுக் காவலை மகனிடம் ஒப்படைத்துவிட்டார்.