சீட்டுப் பணத்தில் ஒரு கம்ப்யூட்டர்!

என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. மகள் வீட்டிலிருந்தே உள் அலங்கார வரைபடங்கள் போட்டுத் தருகிறாள். வரைந்ததை நிஜப் போட்டோ மாதிரி ஆக்குவதற்கு 'ரெண்டரிங்' என்று பெயர். பழைய லேப்டாப்பில் ஒரு படத்துக்கு ராத்திரி முழுக்க ஆனது. அதனாலேயே ஒரு ஆர்டர் கைநழுவிப் போகவே, சீட்டு எடுத்தோம். மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்களை வாங்கி, வீட்டிலேயே சேர்த்துவிட்டோம்.

சகோதரிகளே, நீங்களும் வாங்கப் போனால் இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரைய பிராசஸரின் வேகம் முக்கியம். அதிலேயே ரெண்டரிங் செய்தால் 'கோர்'கள் நிறைய வேண்டும். கிராபிக்ஸ் கார்டில் செய்வதானால் அந்தக் கார்டுக்கே போதிய மெமரி வேண்டும். இல்லாவிட்டால் பெரிய படம் பாதியில் நின்றுபோகும். ராம் 32 ஜிபி இருந்தால் நிம்மதி. 'பிளெண்டர்' சாஃப்ட்வேர் இலவசம். அதில் காசு மிச்சம்.

"பவர் சப்ளையில மட்டும் மிச்சம் பிடிக்காதேம்மா" என்றாள் மகள். நியாயம்தான். மட்டமானது கெட்டால் மற்ற பாகங்களையும் கெடுத்துவிடுமாம்.

சேர்க்கும்போது நைலான் புடவை வேண்டாம். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுப் பாகங்களை எடுங்கள். உடம்பிலுள்ள மின்சாரம் அவற்றுக்கு ஆகாது. மானிட்டர் வயரைக் கிராபிக்ஸ் கார்டிலேயே சொருகுங்கள். மதர்போர்டில் சொருகினால் கார்டு வாங்கியதன் பலன் முழுசாகக் கிடைக்காது.

எங்கள் பக்கம் தூசி அதிகம். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன்.

கண்ணையும் கவனியுங்கள்: 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பார்க்க வேண்டும். மகளுக்கு நினைவூட்டுவது என் வேலை!