முதுகுத்தண்டுக் குழாய்க் குறுக்கம்: அறிகுறிகளும் சிகிச்சையும்

முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட முள்ளெலும்புகளால் ஆனது. அவற்றின் நடுவே, மேலிருந்து கீழாக, குழாய் போன்ற ஒரு பாதை செல்கிறது. மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடமும் அதிலிருந்து பிரியும் நரம்புகளும் இப்பாதையில் அமைந்துள்ளன. இப்பாதை குறுகி நரம்புகள் நெருக்கப்படும் நிலையே முதுகுத்தண்டுக் குழாய்க் குறுக்கம் ஆகும். மருத்துவர்கள் இதனை ‘ஸ்பைனல் ஸ்டெனோசிஸ்’ என்று குறிப்பிடுவர். இது பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களுக்கு இடுப்புப் பகுதியிலும், அடுத்தபடியாகக் கழுத்துப் பகுதியிலும் ஏற்படுகிறது.

எதனால் ஏற்படுகிறது?

வயது ஏற ஏற, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு நீர்த்தன்மையை இழந்து தட்டையாகிப் பின்புறமாகப் புடைக்கிறது. பின்பக்க மூட்டுகள் தேய்ந்து, அவற்றின் ஓரங்களில் எலும்பு வளர்கிறது. முள்ளெலும்புகளைப் பிணைக்கும் நார்த்திசுவும் தடிப்படைகிறது. இம்மூன்றும் சேர்ந்து பாதையைக் குறுக்குகின்றன. சிலருக்குப் பிறவியிலேயே இப்பாதை குறுகலாக இருக்கும். அவர்களுக்கு அறிகுறிகள் இளவயதிலேயே தோன்றலாம்.

அறிகுறிகள் யாவை?

இடுப்புப் பகுதிக் குறுக்கத்தின் முக்கிய அறிகுறி, நடக்கும்போதும் நிற்கும்போதும் பிட்டம், தொடை, கெண்டைக்கால் ஆகியவற்றில் தோன்றும் வலி, மரத்துப்போதல் அல்லது கனத்த உணர்வு ஆகும். உட்கார்ந்தாலோ முன்புறம் குனிந்தாலோ சில நிமிடங்களில் இது தணியும். குனியும்போது குழாய் சற்று விரிவடைவதும், நிமிரும்போது மேலும் குறுகுவதுமே இதற்குக் காரணம். எனவேதான் நூறு அடி நடக்க இயலாத ஒருவரால் மிதிவண்டியை எளிதாக ஓட்ட முடிகிறது. தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி நடப்பதும் சிரமமின்றி அமைகிறது.

கால்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைப்பிலும் நடக்கும்போது வலி ஏற்படும். அவ்வலி பொதுவாக நின்றாலே தணிந்துவிடும். குனியவோ உட்காரவோ தேவையில்லை. நீரிழிவு உள்ளவர்களும் புகைபிடிப்பவர்களும் இவ்வேறுபாட்டை மருத்துவரிடம் தெளிவாகக் கூற வேண்டும். சிலருக்கு இரு நோய்களும் சேர்ந்தே இருக்கலாம்.

“வயதானால் கால் வலிக்கத்தான் செய்யும்” என்று கருதிப் பலர் நடையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்கின்றனர். முதலில் சந்தைக்குச் செல்வது நிற்கிறது. பின்னர் தெருமுனைக்குச் செல்வதும் நிற்கிறது. நடை குறைந்தால் தசைகள் மெலியும். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது கடினமாகும். கீழே விழும் வாய்ப்பும் கூடும். எனவே நடக்கும் தொலைவு குறைந்து வருவதே மருத்துவரை அணுகப் போதுமான காரணமாகும்.

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகள்

பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று புதிதாகத் தோன்றினால், தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்:

- சிறுநீர் கழிக்க இயலாமை, அல்லது சிறுநீர், மலம் தம்மையறியாமல் வெளியேறுதல்
- பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடை ஆகிய பகுதிகளில் உணர்ச்சியின்மை
- கால்களின் வலுவிழப்பு விரைவாக அதிகரித்தல்

கழுத்துப் பகுதியில் குறுக்கம் இருந்தால் தண்டுவடமே நெருக்கப்படலாம். சட்டைப் பொத்தானிடுதல், எழுதுதல் போன்ற செயல்களில் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம் ஆகியவை இதன் அறிகுறிகள். வலி இல்லாவிடினும் இவற்றைப் புறக்கணிக்கக் கூடாது. விரைவில் மருத்துவரை அணுக வேண்டும். கழுத்தை நெட்டி முறிக்கும் சிகிச்சைகளைத் தவிர்த்திடுங்கள்.

எவ்வாறு கண்டறியப்படுகிறது?

மருத்துவர் உங்கள் நடை, தசை வலிமை, உணர்ச்சி, காலின் நாடித்துடிப்பு ஆகியவற்றைச் சோதிப்பார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் குறுக்கத்தின் இடத்தையும் அளவையும் காட்டும். ஆயினும் ஸ்கேன் முடிவு மட்டுமே நோயாகாது. 1990-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், எவ்வித அறிகுறியுமற்ற 60 வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஸ்கேனில் குறுக்கம் காணப்பட்டது. ஆகவே அறிகுறிகளும் ஸ்கேனும் ஒத்துப்போகின்றனவா என்பதே முக்கியம்.

சிகிச்சை முறைகள்

பலருக்கு இந்நோய் ஆண்டுக்கணக்கில் பெரிதாக மாறாமலே நிலைத்திருக்கும். எனவே அவசர அறிகுறிகள் இல்லாதபோது, முதலில் அறுவையற்ற சிகிச்சையே பரிந்துரைக்கப்படுகிறது.

- உடற்பயிற்சி: முன்புறம் குனியும் பயிற்சிகள், வயிற்றுத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகள், நிலையான மிதிவண்டிப் பயிற்சி ஆகியவற்றை இயன்முறை மருத்துவரிடம் கற்றுச் செய்யுங்கள். இடையிடையே உட்கார்ந்து ஓய்வெடுத்து நடங்கள்.
- மருந்துகள்: வலிநிவாரணிகள் வலியைக் குறைக்குமேயன்றிக் குறுக்கத்தை அகற்றா. இவற்றை நெடுநாள் உட்கொண்டால் சிறுநீரகமும் இரைப்பையும் பாதிக்கப்படலாம். மருத்துவர் ஆலோசனையின்றித் தொடராதீர்கள்.
- முதுகில் ஊசி: 2014-இல் வெளியான, 400 பேர் பங்கேற்ற ஆய்வில், மரப்பு மருந்துடன் ஸ்டீராய்டு சேர்த்ததால் கூடுதல் பயன் மிகக் குறைவாகவே கிடைத்தது அல்லது கிடைக்கவில்லை. ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் என்பதை நீரிழிவு நோயாளிகள் நினைவில் கொள்ள வேண்டும்.
- அறுவை சிகிச்சை: நரம்பை நெருக்கும் எலும்பும் நார்த்திசுவும் அகற்றப்படுகின்றன. பிற சிகிச்சைகளால் பயனின்றி, அன்றாட வாழ்வு முடங்கியவர்களுக்கு இது பெரிதும் உதவும். கால் வலியும் நடையும் மேம்படும் அளவுக்கு முதுகுவலி குறையும் என்று எதிர்பார்க்க இயலாது. நெடுநாள் மரத்துப்போன உணர்வு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம்.

சிலருக்குத் திருகாணிகளைப் பொருத்தி முள்ளெலும்புகளை இணைக்கும் அறுவையும் சேர்த்துப் பரிந்துரைக்கப்படுகிறது. 2016-இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வில், இவ்விணைப்பு செய்துகொண்டவர்கள் செய்யாதவர்களைவிடக் கூடுதல் பலன் பெறவில்லை. எனவே “எனக்கு இணைப்பு ஏன் தேவை?” என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

- நோயாளி ஓய்வின்றி எவ்வளவு தொலைவு நடக்கிறார் என்பதை வாரந்தோறும் குறித்து வையுங்கள். சிகிச்சை பயனளிக்கிறதா என்பதை இது காட்டும்.
- குளியலறையில் கைப்பிடி அமைத்து, வழுக்கும் தரைவிரிப்புகளை அகற்றுங்கள்.
- குனிந்து நடப்பதைக் கண்டிக்காதீர்கள். அது அவருடைய நரம்புகளுக்கு இடமளிக்கும் நிலை.
- மருத்துவரிடம் செல்லும்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது அறிதலுக்கானவை. உங்களுக்குரிய சிகிச்சையை உங்கள் மருத்துவருடன் கலந்து முடிவு செய்யுங்கள்.