எங்க வீட்டு அம்பாசடர்!

சமீபத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில், பழைய வெள்ளை அம்பாசடர் கார் ஒன்றை பூ அலங்காரத்தோடு நிறுத்தியிருந்தனர். இளவட்டங்கள் அதில் சாய்ந்து நின்று, மாறி மாறி செல்போனில் படம் எடுத்துக் கொண்டிருந்தனர். 'இப்ப இதுதாங்க பேஷன்... புதுக்காரை விட இதுக்கு வாடகை ஜாஸ்தி' என்றார், பக்கத்தில் நின்ற பெண்மணி.

எனக்கோ கண் கலங்கி விட்டது. காரணம், 'இந்தக் கார் வேண்டாம்' என்று சொன்ன மணப்பெண் நான்!

எங்கள் ஊர் மம்சாபுரம். ராஜபாளையத்துக்கும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி இருக்கும் ஊர். எனக்கு வயது 37. பத்தாவது வரை படித்திருக்கிறேன். என் அப்பா, ஒரு முதலாளியிடம் டிரைவராக இருந்தவர். 1993ல், சொந்தமாகப் பிழைக்கலாம் என்று, பழைய டீசல் அம்பாசடர் ஒன்றை வாங்கினார். தாலியைத் தவிர அம்மாவின் நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போயிற்று. கார் வந்த அன்று, தெருவே எங்கள் வாசலில் கூடி விட்டது. அம்மா ஆரத்தி எடுத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அப்போது எனக்கு அஞ்சு வயசு.

அந்தக் காரில் கியர் கம்பி, ஸ்டியரிங்குக்கு கீழேயே இருக்கும். அதனால், முன் சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம். அப்பாவுக்குப் பக்கத்தில் என் இடம். என்னை ஒட்டி தம்பி. பின்னால் எத்தனை பேர் என்று கணக்கே கிடையாது. ஆடி மாசம் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கும், சாரல் விழும் காலத்தில் குற்றாலத்துக்கும், அத்தை, சித்தி, பிள்ளைகள், புளியோதரைச் சட்டி என்று எல்லாம் அதற்குள் அடங்கி விடும். இன்று நினைத்தால், அத்தனை பேரை ஏற்றியது தப்பு என்று தெரிகிறது. ஆனால், அந்த நெரிசலில் கேட்ட சிரிப்பை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

அந்நாளில், 108 ஆம்புலன்ஸ் எல்லாம் ஏது? ராத்திரி எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டால், ஒன்று பிரசவம், இல்லாவிட்டால் பாம்புக்கடி. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே ஓடுவார். பிரசவத்துக்குப் போகும்போது மட்டும் அவர் காசு பேசவே மாட்டார். 'தாயும், பிள்ளையும் நல்லபடியா வீடு திரும்பட்டும். அப்பறம் குடுக்கிறதக் குடுங்க. கூட ஒரு வாய் சர்க்கரை குடுங்க' என்பார். சர்க்கரை தவறாமல் வரும். காசு சில வீடுகளில் வராது. அம்மா முணுமுணுப்பாள், அப்பா காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

'இது கல்கத்தா வண்டி' என்று பெருமையாகச் சொல்வார் அப்பா. பிர்லா குடும்பத்தார் 1942ல் ஆரம்பித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இருந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, 1957ல் அம்பாசடரைக் கொண்டு வந்தார்கள். மந்திரி, கலெக்டர் முதல் வாடகைக் கார்காரர் வரை எல்லாருக்கும் அதே கார்தான். எந்த ஊரில் நின்றாலும், அந்த ஊர் மெக்கானிக் கை வைத்தால் கிளம்பி விடும் என்பதால், டிரைவர்களுக்கு அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

2009ல் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டில் பெரியவர் ஒருவர், 'ஊர்வலத்துக்கு நல்ல காரா ஏற்பாடு பண்ணிருங்க... உங்க டாக்சியக் கொண்டு வந்துராதீங்க' என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நானாவது, 'எங்க அப்பா கார்லதான் வருவேன்' என்று சொல்லியிருக்கலாம். நானோ, 'ஆமாப்பா... எல்லாரும் சிரிப்பாங்க. வேற காரே வச்சிருவோம்' என்று சொல்லி விட்டேன்.

'சரி தாயி' என்றார். அவ்வளவுதான். கல்யாணத்தன்று விடிவதற்கு முன்பே தன் காரைக் கழுவித் துடைத்து, அதில் வாழை இலைக் கட்டும், சமையல் சாமானும் ஏற்றி, மண்டபத்துக்குக் கொண்டு வந்தார். நான் வாடகைக்கு எடுத்த புதுக் காரில் ஊர்வலம் போனபோது, கடைசியில், கூட்டத்துக்குப் பின்னால், எங்கள் கார் மெதுவாக வந்ததாம். மறுநாள்தான் அம்மா சொன்னாள்.

அடுத்த வருஷம், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தேன். ஐப்பசி அடைமழை. நடு ராத்திரியில் வலி எடுத்து விட்டது. '108க்கு சொல்லுவோமா?' என்றாள் அம்மா. 'அது வர்ற நேரத்துல நானே கொண்டுபோய்ச் சேத்துருவேன்' என்று, அப்பா வண்டியை எடுத்தார். ரோடெல்லாம் தண்ணீர். வலியில் கத்தும்போதெல்லாம், 'இந்தா வந்துட்டோம் தாயி... இந்தா வந்துட்டோம்' என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் மகள் பிறந்தாள். காலையில் ஓடி வந்த என் வீட்டுக்காரர், 'மாமா, ராத்திரி சவாரிக்கு எவ்வளவு?' என்று கேலி செய்தார். 'பிரசவத்துக்கு நான் காசு பேசுறதில்ல மாப்ள. சர்க்கரை மட்டும் குடுங்க' என்று சிரித்தார் அப்பா. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அப்போதும், மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

பிறகு, காருக்கும் வயசாயிற்று, கம்பெனிக்கும் கஷ்டகாலம். 1983ல் மாருதி வந்த பிறகே மக்கள் சின்னக் கார் பக்கம் திரும்பி விட்டார்கள். ஆனாலும், அம்பாசடரின் உருவம் பெரிதாக மாறவே இல்லை. 1980களின் நடுவில், வருஷத்துக்கு சுமார் 24 ஆயிரம் விற்ற கார், கடைசி வருஷத்தில் 2,200 அளவுக்குத்தான் விற்றது. 2014 மே மாதம் உற்பத்தியை நிறுத்தினார்கள். 2,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 'அந்த வீடுகள்ல அடுப்பு எப்படி எரியும்?' என்றுதான் அப்பா முதலில் கேட்டார்.

அப்பாவும் அந்தக் கம்பெனி மாதிரிதான். 'காலத்துக்குத் தகுந்த மாதிரி வேற வண்டி வாங்குங்கப்பா' என்று தம்பி எத்தனையோ தரம் சொன்னான், கேட்கவில்லை. ஏ.சி., வண்டிகள் வந்ததும், சவாரி குறைந்து, கடைசியில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்க மட்டும் கார் என்றாகி விட்டது.

2017ல், அம்பாசடர் என்ற பெயரை மட்டும், பிரான்ஸ் நாட்டு பேஜோ கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றதாகப் பேப்பரில் வந்தது. அதே வருஷம்தான், எங்கள் கார் எடைக்குப் போனது. 'பேருக்கு மட்டும் 80 கோடியாம்... நம்ம வண்டி ஓடின ஓட்டத்துக்கு யாரு விலை சொல்லுவா?' என்று சிரித்தார் அப்பா. காரை ஏற்றிக்கொண்டு போவதற்கு முன், உள்ளே ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாரை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டார்.

அன்றுதான், எட்டு வருஷமாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன்.

'கல்யாணத்தப்ப நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா...'

'எதத் தாயி சொல்லுற?' என்று கேட்டு விட்டு, பிள்ளையாரைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். அவருக்கு மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது தம்பியிடம் புதுக் கார் இருக்கிறது. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். என் மகள் அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

தோழியரே... பழசையெல்லாம் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. காலம் மாறும்போது, நாமும் மாறத்தான் வேண்டும். ஆனால், எது நமக்குச் சோறு போட்டதோ, அதை நாலு பேர் முன்னால் குறைத்துப் பேசி விடாதீர்கள். உங்கள் அப்பா தையல் மிஷின் மிதித்திருக்கலாம், தள்ளுவண்டி தள்ளியிருக்கலாம். மேடையில் நிற்கும் நேரத்தில், அதைப் பெருமையாகச் சொல்லுங்கள். நான் சொல்லத் தவறியதை, எட்டு வருஷம் கழித்து ஒரு பழைய காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்ல வேண்டியதாயிற்று!

— ஒரு வாசகி, மம்சாபுரம்.