பழைய போனோ ப்ரீ-ஆம்ப்: பார்த்து வாங்குவோம்!

வணிகப் பெருமக்கள் பலரது வீட்டில் அப்பா காலத்து எல்.பி. இசைத்தட்டுகள் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றைக் கேட்க ஆசைப்பட்டு டர்ன்டேபிள் வாங்கி, நேராக ஆம்ப்ளிபயரில் செருகிவிட்டு, "சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது" என்று தட்டின்மேல் பழி போடுகிறோம். குறை தட்டில் இல்லை. இடையில் இருக்க வேண்டிய போனோ ப்ரீ-ஆம்ப் இல்லை.

இதற்கு வேலை இரண்டு. மூவிங் மேக்னெட் வகை ஊசிமுனையிலிருந்து வருவது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். அதை ஏறத்தாழ 100 மடங்கு உயர்த்த வேண்டும். மேலும், எல்.பி. தட்டில் கனத்த ஒலியைக் குறைத்தும் கூரிய ஒலியைக் கூட்டியுமே பதிக்கிறார்கள். 1954ல் அமெரிக்காவின் ஆர்.ஐ.ஏ.ஏ. வகுத்த அந்த அளவைத் தலைகீழாக்கிச் சமன் செய்வதும் இதன் பொறுப்பே.

முதலில் தேவையா என்று பார்ப்போம். பழைய ஆம்ப்ளிபயரின் பின்புறம் 'போனோ' என்ற துளை இருந்தாலோ, டர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீ-ஆம்ப் இருந்தாலோ தனியாக வாங்குவது வீண் செலவு.

தேவை என்றால், மூட்டையைக் குத்திப் பார்த்து வாங்கும் நாம் இதையும் சோதிக்காமல் வாங்கலாகாது.

1. மூவிங் காயில் வகை ஊசியின் மின்னளவு பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டும் இராது. அதற்கு 1000 மடங்கு உயர்த்தும் கருவி வேண்டும். நம் ஊசி எந்த வகை என்று தெரிந்துகொண்டே கடைக்குப் போவோம்.

2. அடாப்டர் அதனுடையதுதானா? ஜப்பான் சரக்கு 100 வோல்ட், அமெரிக்க சரக்கு 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் செருகினால் முதலுக்கே மோசம். சில கருவிகளுக்கு ஏ.சி. வெளியீடு தரும் அடாப்டர் வேண்டும், டி.சி. ஆகாது.

3. தட்டு ஓடாதபோது வால்யூமைக் கூட்டிக் கேட்போம். 'உம்' என்ற இரைச்சல் வந்தால் எர்த் ஒயரை முடுக்கிப் பார்ப்போம். பிறகும் நிற்காவிட்டால் யோசிக்க வேண்டும்.

4. ஒரு பக்கம் மட்டும் ஒலித்தால், உள்ளே வரும் இரு ஒயர்களை இடம் மாற்றுவோம். குறையும் மறுபக்கம் போனால் ஊசியிலோ ஒயரிலோ பழுது. அதே பக்கம் நின்றால் ப்ரீ-ஆம்பிலோ அதற்குப் பின்னாலோ பழுது.

பல்லாண்டு கடந்த கருவியில் கண்டென்சர்கள் உலர்ந்திருக்கலாம். ஆகவே கேட்கும் விலையோடு மாற்றும் கூலியையும் கூட்டி, புதியதன் விலையோடு ஒப்பிடுவோம். வித்தியாசம் சொற்பம் என்றால் புதியதே லாபம். எதை வாங்கினாலும், ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று பில்லில் எழுதி வாங்குவோம்.