பூச்சியைப் பிடிப்பதும் புத்தகத்தில் எழுதுவதும்



நம் சங்கக் குடும்பங்களில் இன்று வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறது. எங்கள் மைசூர் மைன்ஸும் அப்படித்தான். தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. சங்கு ஊதியதும் ஷிப்டுக்குக் கிளம்பிய குடும்பங்களின் பிள்ளைகள், இப்போது மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். என் அண்ணன் பேரனும் அவர்களில் ஒருவன்.

ஆறு பேர் சேர்ந்து, சிறிய ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து இருப்புக் கணக்கு பார்க்கும் மென்பொருள் எழுதுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"சின்னத் தாத்தா, பக் எழுதி வைக்க ஒரு சாஃப்ட்வேர் தேடுறோம். பத்து இருக்குது. எதை எடுக்கிறதுன்னே தெரியல."

"இப்போ எதுல எழுதுறீங்க?"

"வாட்ஸ்அப்புல. கொஞ்சம் எக்ஸெல்ல."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். ஓர் ஆஸ்பத்திரியில் மாத்திரை அட்டையையும் தனி மாத்திரையையும் ஒன்றாக எண்ணி, இருப்பு தவறாகக் காட்டியது. சரி செய்தார்கள். இரண்டு மாதம் கழித்து இன்னோர் ஆஸ்பத்திரியில் அதே தவறு. முன்பு சரி செய்த பையன் வேலை மாறிப் போய்விட்டான். எப்படிச் சரி செய்தான் என்று எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

இதைக் கேட்டதும் என் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது.

டிப்ளமோ முடித்து ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்த புதிது. ஒரு நிலையத்தில் தண்டவாளத்தில் வண்டியே இல்லாதபோதும் வண்டி நிற்பதாகக் காட்டி, சிக்னல் சிவப்பில் நின்றுவிடும். நான் போய்ச் சேர்வதற்குள் தானாகச் சரியாகிவிடும். "சோதித்ததில் சரியாக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்து வந்த இருவரும் அதையே எழுதினார்கள். நான்காவது முறை, ஒரு பாசஞ்சர் வண்டி இருட்டில் நாற்பது நிமிடம் நின்றது. மூத்த இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, கருவியைத் தொடாமல் முதலில் புத்தகத்தைப் புரட்டினார். நான்கு முறையும் மழை இரவு! கேபிள் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. "தம்பி, சரியாக உள்ளது என்று எழுதினாய். ஏன் கெட்டது என்று எழுதினாயா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று போனது நாற்பது நிமிடம்தான். 2023 ஜூன் 2-ல் ஒடிசாவின் பஹனகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். லெவல் கிராசிங் பெட்டிக்குள் வயர்களுக்குத் தவறான அடையாளம் எழுதப்பட்டு, பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமலே இருந்தது என்று விசாரணை அறிக்கை கூறியது. அதே கரக்பூர் கோட்டத்தில் வேறொரு நிலையத்தில் 2022 மே 16-ல் தவறான வயரிங்கால் இதே போன்ற சம்பவம் நடந்திருந்தது. அப்போதே திருத்த நடவடிக்கை எடுத்திருந்தால் இவ்விபத்து நேர்ந்திருக்காது என்றும் அறிக்கை சொன்னது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓரிடத்தில் கண்ட குறை இன்னோரிடத்துக்குப் போய்ச் சேராவிட்டால், கண்டும் பயனில்லை.

குறை எழுதுவது கணிப்பொறி உலகத்துக்கும் பழைய பழக்கம்தான். 1947 செப்டம்பர் 9-ல் ஹார்வர்ட் மார்க்-2 கணிப்பொறியின் ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி சிக்கியது. அதை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டி, நேரத்தையும் எழுதி வைத்தார்கள். அதனால்தான் இன்றும் நமக்கு அந்தப் பூச்சியைத் தெரிகிறது!

பேரன் பட்டியலைக் காட்டினான். 1998-ல் மொசில்லாவுக்காக வந்த பக்ஜில்லா. ஆஸ்திரேலிய நிறுவனம் 2002-ல் வெளியிட்ட ஜிரா. நம் தமிழ்நாட்டு ஜோஹோவின் பக்டிராக்கர். 2006-ல் வந்த இலவச ரெட்மைன். எல்லாம் நல்லவைதான். நான் பெயரைப் பார்க்கவில்லை. நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன்.

1. குறையை முடிப்பது யார்? ரயில்வேயில் சிக்னல் கருவியைப் பிரித்து வேலை செய்ய டி-351 என்ற படிவம் உண்டு. வேலை முடிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரோடு சேர்ந்து சோதித்து, அவரும் கையெழுத்திட்ட பிறகே கருவி மீண்டும் பயன்பாட்டுக்கு வரும். அதேபோல, சரி செய்தவர் "செய்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லலாம். "முடிந்தது" என்று சொல்ல வேண்டியவர் குறை சொன்னவரே.

2. எழுதியதை அழிக்க முடியுமா? முடியக் கூடாது. தவறாக எழுதியதும் ஒரு சாட்சி.

3. எழுதுவது சுலபமா? இருபது கட்டங்களை நிரப்பச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள். என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், எந்தப் பதிப்பு, ஏன் கெட்டது. இவை போதும்.

4. கடையை மூடினால் புத்தகம் கைக்கு வருமா? ஆயிரக்கணக்கான குழுக்கள் குறைகளைப் பதிந்து வைத்த கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. முழுப் பதிவையும் வெளியே எடுக்கும் வழியை முதல் நாளே சோதித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு மென்பொருள்களை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ரெட்மைனை எடுத்தார்கள். செலவு இல்லை, சொந்தக் கணிப்பொறியில் வைத்துக்கொள்ளலாம், யார் எந்த நிலைக்கு மாற்றலாம் என்று ஆளுக்கேற்பக் கட்டுப்படுத்தலாம். "பேரிலேயே மைன் இருக்குது, சின்னத் தாத்தா" என்று சிரித்தான். பெரிய குழுவுக்கு வேறொன்று பொருந்தலாம். கேள்விகள் மாறா.

முதல் பதிவாக அந்த மாத்திரை அட்டைக் கணக்கை எழுதச் சொன்னேன். சரி செய்து அனுப்பிய பிறகும், இரண்டு ஆஸ்பத்திரி மருந்தாளுநர்களும் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை, அது ஒன்பது நாள் திறந்தே இருந்தது. பையன்களுக்குப் பொறுமை போயிற்று. எனக்கு நிம்மதியாக இருந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்: "உங்க ஆபீஸ்ல குறையை எதுல எழுதுறீங்க? முடிஞ்சதுன்னு யார் கையெழுத்துப் போடுறாங்க?"