சட்டையில் வந்த சித்திரம்

நம் இளைஞர்கள் அணியும் டி-சட்டைகளில் கடல் அலை, புலி, டிராகன் என ஜப்பானியச் சித்திரங்களைக் காண்கிறோம். அதே பாணிச் சித்திரங்களைத் தாளில் அச்சிட்டு, சட்டம் போட்டுச் சேகரிப்போரும் இருக்கிறார்கள். அவை எங்கிருந்து வந்தன? வாங்குவோர் எதைக் கவனிக்க வேண்டும்?

இன்றைய தோக்கியோவின் பழைய பெயர் எடோ. மரவீடுகள் நெருங்கிய அந்நகரில் அடிக்கடி தீப்பிடிக்கும். தீயணைக்கும் தொழிலாளர்கள், பருத்தித் துணியைப் பல அடுக்காகச் சேர்த்துத் தைத்த கனத்த அங்கியை நீரில் நனைத்து அணிந்துகொண்டு நெருப்பை நெருங்குவார்கள். அங்கியின் உட்புறத்தில் வீரர்கள், டிராகன்கள் ஆகியோரின் படங்கள் தீட்டப்பட்டிருக்கும். தீ அணைந்ததும் அங்கியைத் திருப்பிப் போட்டு, படம் வெளியே தெரிய நடப்பார்கள். உழைப்பாளியின் உடுப்பே அவன் பெருமையைச் சொன்னது.

அக்காலத்து அச்சுப் படங்களும் எளிய மக்களுக்காகவே பிறந்தன. ஓவியர் வரைவார்; செதுக்குபவர் மரப்பலகையில் வெட்டுவார்; அச்சிடுபவர் நிறத்துக்கு நிறம் தாளில் ஒற்றி எடுப்பார்; பதிப்பாளர் முதல் போட்டு விற்பார். 1831ஆம் ஆண்டளவில் ஹொக்குசாய் வரைந்த பேரலைப் படம் இப்படி வந்ததே. இன்றும் எத்தனையோ சட்டைகளில் அதைக் காணலாம்.

1993ஆம் ஆண்டில் தோக்கியோவின் ஹராஜுக்கு வட்டாரத்தில் நிகோ, ஜுன் தாக்காஹாஷி என்னும் இரு இளைஞர்கள் ஒரு சிறு கடை திறந்தார்கள். நிகோ தொடங்கிய 'ஏ பேத்திங் ஏப்' சட்டைகள் குறைந்த எண்ணிக்கையிலேயே விற்கப்பட்டன. கிடைப்பது அரிதாக, ஆசை பெருகியது. சித்திர அச்சுகளின் விலையும் இந்த முறையிலேயே ஏறுகிறது.

படத்தின் ஓரத்தில் 12/100 என்று எழுதியிருந்தால், நூறு படிகளில் அது பன்னிரண்டாவது என்று பொருள். எண் இருப்பதால் மட்டும் விலை உயர்ந்துவிடாது. பின்னால் இலாபம் வரும் என்று நம்பிக் கடன்பட்டு வாங்க வேண்டாம். கண்ணுக்குப் பிடித்ததை, கைக்கு எட்டிய விலையில் வாங்குவதே நல்லது.

நெடுநாள் நிற்கும் படமா என்று அறியத் தாளையும் மையையும் பற்றிக் கேட்க வேண்டும். மட்டமான மரக்கூழ்த் தாள், பழைய செய்தித்தாளைப்போல் மஞ்சளாகிப் பொடியும். அமிலம் நீக்கிய பருத்தித் தாள் நெடுங்காலம் நிற்கும். சாய மையைவிட நிறமித் துகள் கலந்த மை வெயிலைத் தாங்கும்.

நமது நாடோ வெப்பமும் ஈரமும் மிகுந்தது. ஆகவே வெயில் விழும் சுவரிலும் மழையில் ஓதம் ஏறும் சுவரிலும் படத்தை மாட்டலாகாது. கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையில் அட்டை விளிம்பு வைக்க வேண்டும். பசை நாடாவை ஒட்டவே கூடாது. கறையானும் பூச்சியும் வராமல் அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஜப்பானியச் சித்திரம் வாங்காதவர்களுக்கும் இம்முறைகள் பயன்படும். பாட்டன் பாட்டியின் பழைய புகைப்படமும் பிறப்புப் பத்திரமும் நம் வீட்டில் உண்டு. அவற்றைச் சூடேற்றிப் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. அமிலமற்ற உறையிலிட்டு, உலர்ந்த பெட்டியில் வைப்போம். சித்திரம் தொலைந்தால் வேறொன்று வாங்கலாம். பாட்டியின் முகத்தை எந்தக் கடையில் வாங்குவது?