கடப்பாரையோடு கடலுக்குப் போனவர்

ஒரு உயிரினம் இருக்கறதால அந்த இடத்துக்கு என்ன பிரயோஜனம்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? உக்காந்து வேடிக்கை பார்த்துக் குறிப்பெடுக்கலாம். ரொம்ப காலமா பெரும்பாலும் அதைத்தான் செஞ்சாங்க. ராபர்ட் பெயின் என்ற அமெரிக்க ஆய்வாளர் வேற மாதிரி யோசிச்சார். அந்த உயிரினத்தையே அங்கிருந்து எடுத்துடுவோம், என்ன ஆகுதுன்னு பார்ப்போம்.

1963 ஜூன் மாசம். வாஷிங்டன் மாநிலத்தோட மேற்கு ஓரத்துல முக்காவ் விரிகுடா. மக்கா பழங்குடி மக்களோட மண் அது. கடல் வத்தும்போது வெளியே தெரியற பாறைகள்ல ஊதாவும் ஆரஞ்சுமா நட்சத்திர மீன்கள் ஒட்டிக்கிட்டு இருக்கும். பேர்லதான் மீன். முதுகெலும்பே கிடையாது. சாப்பிடற விதம் இன்னும் விசித்திரம். மட்டியோட ஓட்டை இழுத்து லேசா ஒரு இடுக்கு கிடைச்சா போதும், தன் வயித்தையே வெளியே தள்ளி உள்ளே விட்டு, அங்கேயே செரிச்சிடும்.

பெயின் அந்தக் கரையில சுமார் 8 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரத்துக்கு ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்தார். கடப்பாரையால நட்சத்திர மீன்களை நெம்பி எடுத்து கடலுக்குள்ள வீசினார். பக்கத்துப் பகுதியை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டுட்டார். திரும்பத் திரும்பப் போய் இதே வேலை. ஆய்வகம், பெரிய கருவி எதுவும் இல்லை. கடப்பாரையும் பொறுமையும்தான்.

சில மாசத்துல, படகு அடியில கரகரன்னு அப்பிக்கிட்டு இருக்குமே, அந்தக் கொட்டலசு பாறையில பெரும்பகுதியைப் பிடிச்சிடுச்சு. அடுத்த வருஷம் மட்டிகள் வந்து அதையும் நெருக்கித் தள்ள ஆரம்பிச்சது. பாறையில வாழற உயிர்களுக்கு இடம்தான் சொத்து. (பீக் அவர்ல தாம்பரம் ரயில் ஏறினவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) மட்டியைத் தின்ன ஆள் இல்லாததால பாசி, நத்தை எல்லாத்துக்கும் இடம் போச்சு. 15 இனங்கள் இருந்த இடத்துல 8 மிச்சம். இத்தனைக்கும் நட்சத்திர மீன் அந்தப் பாசியைத் தொட்டதுகூட இல்லை. மட்டியைச் சாப்பிட்டு, மத்தவங்களுக்கு இடம் காலியா வச்சிருந்தது, அவ்வளவுதான்.

வளைவுக் கட்டடத்தோட உச்சியில ஒரு கல் இருக்கும். அதை உருவினா மொத்த வளைவும் சரியும். அந்தக் கல்லோட பேரையே வச்சு 1969ல 'கீஸ்டோன்' இனம்னு பெயின் எழுதினார். இன்னிக்கு பிடிச்ச மிருகத்துக்கெல்லாம் அந்தப் பட்டத்தைக் கொடுத்துடறாங்க. எண்ணிக்கை குறைவா இருந்தும் பாதிப்பு ரொம்ப அதிகமா இருக்கற இனத்துக்குத்தான் அது பொருந்தும்.

இப்போ கதை வேற பக்கம் திரும்புது. பெயின் எடுத்தது ஒரு சின்னப் பாறைத் துண்டுல. 2013ல மெக்சிகோவிலிருந்து அலாஸ்கா வரைக்கும் நட்சத்திர மீன்கள் தானாவே சாக ஆரம்பிச்சது. உடம்புல புண், கை தனியா கழண்டு நடந்து போகும், சில நாள்ல கூழாயிடும். சுமார் 20 இனங்களுக்கு இந்த நோய். யாரும் கேட்காத பரிசோதனை, ஒரு கண்டத்தோட கரை முழுக்க.

பெரிய அடி வாங்கினது சூரியகாந்தி நட்சத்திர மீன். இருபதுக்கும் மேல கை, ஒரு மீட்டர் அகலம் வரை வளரும். அதுல 90 சதவீதத்துக்கும் மேல அழிஞ்சது. அது தின்னுக்கிட்டிருந்த கடல் முள்ளெலிகளுக்குக் கொண்டாட்டம். அதுங்க கெல்ப் பாசிக் காடுகளை மேஞ்சு தள்ளிடுச்சு. அதே நேரத்துல கடல் வெப்ப அலையும் வந்து சேர்ந்ததால, வடக்கு கலிஃபோர்னியாவுல 90 சதவீதத்துக்கு மேல காடு காணாமப் போச்சு. அந்தக் காட்டை நம்பியிருந்த அபலோன் சங்குக்கும் சாப்பாடு இல்லை. 2018ல அந்த வேட்டையையே மூடிட்டாங்க.

குற்றவாளி யார்? 2014ல ஒரு வைரஸ் மேல பழி விழுந்தது, நிக்கல. 2025 ஆகஸ்ட்லதான் பதில் வந்தது: விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா. காலராக் கிருமிக்குச் சொந்தக்காரன். பெயின் இதைத் தெரிஞ்சுக்கல, 2016லேயே காலமாயிட்டார்.

கனடாவுல குளிர்ந்த நீர் உள்ள சில மலையிடுக்குக் கடல்கள்ல சூரியகாந்தி நட்சத்திர மீன்கள் இன்னும் தாக்குப்பிடிக்குது. அவர் வேலை பார்த்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோட கடல் ஆய்வகத்துல 2019லேர்ந்து அதைத் தொட்டியில வளர்த்துக்கிட்டிருக்காங்க.